பூனைக்காலின் இரண்டாவது சுற்று

டிப்போவில் அவரைப் பூனைக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பேர் இல்லை. பிரேக்கில் அவர் கால் வைப்பது வண்டிக்கே தெரியாது. காலை நேரத்துக் கூட்டத்தில் நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய மாட்டார்கள். கம்பியைப் பிடிக்காமல் நின்றபடி தலை வாரிக்கொள்ளும் பெண்களைக்கூடக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். தலை நரைக்கும் வரை பஸ் ஓட்டி, ஒரு சைக்கிளின் மட்கார்டில்கூடக் கீறல் போடாத மனுஷன். அவருக்குப் போய், யார்மேலோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்கிற பயம் வந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவன் எவனுக்காவது வந்திருந்தால் ஊருக்காவது உபயோகமாக இருந்திருக்கும். அவனுக்கு வராது. பயத்துக்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

எல்லாம் ஒரு மூட்டையில் ஆரம்பித்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பள்ளிக்கூடத் தெருவில், முன்னால் போன லாரியிலிருந்து விழுந்த மூட்டை ஒன்றின்மேல் அவர் பஸ் ஏறி இறங்கியது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். பழந்துணி மூட்டை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய பயணிகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றும்போது, மூட்டைக்குப் பின்னால் வேறு ஏதாவது இருந்திருந்தால் என்று ஒரு எண்ணம் வந்தது. கண்ணால் பார்த்தோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். சரியாகப் பார்த்தோமா என்று அடுத்த எண்ணம் வந்தது. கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் வேகத்தடை, மேன்ஹோல் மூடி, காலித் தண்ணீர் பாட்டில் என்று எதில் ஏறினாலும் அதே சந்தேகம் வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் தன்னுடைய ரூட்டை முழுக்க ஸ்கூட்டரில் மறுபடி சுற்றினார். தன் கண்ணை நம்ப முடியாமல் போனபோது, மனைவியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். அந்த அம்மாள் குழந்தைகள் காப்பகத்தில் நாளெல்லாம் பிள்ளைகளைத் தூக்கி இறக்கி, முழங்கால் வலியோடு வீட்டுக்கு வருகிறவர். வந்ததும் வராததுமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்கூட்டர் நிற்கும். அவர் ரோட்டைப் பார்ப்பார், வேலியோரம் பார்ப்பார், சாக்கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"ஒண்ணுமில்லங்க. வாங்க" என்பாள் மனைவி.

"நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தேன்."

"அதுக்குள்ள எப்படிப் பார்த்தே?"

பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்: "உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்குக்கா. இந்த வயசுலயும் தினம் ஜோடியா ஊர் சுத்தறீங்க." மனைவி சிரித்து வைத்தாள். வீட்டுக்குள் வந்து அழுதாள்.

வேலையிலும் புகைந்தது. வண்டி தினமும் தாமதம். கண்ணாடியைப் பார்ப்பதற்காகவே நடுரோட்டில் வேகத்தைக் குறைக்கிறார் என்று புகார் வந்தது. டிப்போ மேலாளர் இவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு பரீட்சை எழுதி மேலே போனவர், நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "ஸ்டோர்ல ஒரு இடம் காலியாகுதுப்பா. உட்கார்ந்த வேலை. சம்பளமும் குறையாது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இவருக்கு யாரோ வந்து ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கினமாதிரி இருந்தது. அவருக்கு ஓட்டுவது பிடிக்கும். விடியற்காலையில் வண்டி சூடேறும் வாசனை பிடிக்கும், ஓடிவருகிறவர்களுக்காக ஒரு நொடி கதவைத் திறந்து வைத்திருப்பது பிடிக்கும். நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டு சாகிறவரை உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது. ஆனால் ஓட்டவும் முடியவில்லையே.

மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். அரசு மருத்துவமனையின் மாடியில், பல் டாக்டர் அறைக்குப் பக்கத்து அறை. வாசலில் மனநல ஆலோசகர் என்று பலகை. உள்ளே ஒரே உயரத்தில் மூன்று நாற்காலிகள், மூன்றும் ஒரே மாதிரி தொய்ந்துபோனவை. சுவரைத் தாண்டிப் பல்லைக் குடையும் மெஷின் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மனசைத் திறந்து பேசு என்றால் எவன் பேசுவான்? ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண். தலைமேல் ஏற்றி வைத்த மூக்குக்கண்ணாடியை மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். இவருக்கு நம்பிக்கை பாதி போய்விட்டது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "என்ன பண்ணணும்னு சொல்லுங்க மேடம். தலைகீழா நிக்கச் சொன்னாலும் நிக்கறேன்" என்றார்.

"நிக்க வேண்டாம்" என்றார் ஆலோசகர். "மாத்திரை வேணுமான்னு டாக்டர் பார்த்துச் சொல்லுவார். என்கிட்ட ரெடியா ஒண்ணும் இல்ல. நாம சேர்ந்துதான் கண்டுபிடிக்கணும்."

அவருக்குச் சுருக்கென்றது. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தால், நீயே வைத்தியம் பார்த்துக்கொள் என்கிறாரே! "தப்பா நினைக்காதீங்க மேடம். பஸ்ல ஏறுறவங்ககிட்டப் போய், எந்தப் பக்கம் திருப்பலாம்னு நான் கேட்டா, ஒருத்தராவது உட்காருவாங்களா?"

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். ஆலோசகர் சிரித்துவிட்டார். "நியாயம்தான். சரி, உங்களுக்குப் புது ரூட் குடுத்தா முதல் நாள் எப்படி ஓட்டுவீங்க?"

"ரூட் தெரிஞ்சவர் ஒருத்தர் பக்கத்துல நிப்பார். எங்க வளைவு, எங்க பள்ளம்னு சொல்லிட்டே வருவார்."

"ஸ்டியரிங்?"

"அது என் கையிலதான்."

"அவ்வளவுதாங்க. பயம்னா என்ன, அது எப்படி ஏறும், எப்படி இறங்கும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். உங்க பயம் உங்க ரூட்ல எங்க கை காட்டி ஏறுதுன்னு எனக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் கதவைப் பார்த்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

ஆலோசகர் கேட்டுக்கொண்டே போனார். திரும்பிப் போய்ப் பார்த்தால் நிம்மதி வருகிறதா? வருகிறது. எவ்வளவு நேரம்? அடுத்த ஸ்டாப் வரைக்கும். அப்புறம்? அப்புறம் பார்க்காமல் விட்ட இடம் ஏதாவது ஞாபகம் வரும். முன்னைவிட இப்போது பயம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? கூடியிருக்கிறது.

"போய்ப் பார்க்கறதே பயத்தை வளர்க்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், அடிச்சுச் சொல்லலை. உங்களுக்கு என்ன தோணுது?"

கேள்வி கேட்டால் பதில் வாங்காமல் விடமாட்டார் போலிருக்கிறது. பூனைக்கால் யோசித்தார். பக்கத்து அறையில் யாருக்கோ பல் வேலை முடிகிற வரைக்கும் யோசித்தார். "தெரு நாய்க்கு ஒருநாள் பிஸ்கட் போட்டா, மறுநாளும் அதே நேரத்துக்கு வாசல்ல வந்து நிக்கும். அந்த மாதிரியா?"

"நான் சொன்னதைவிட இது நல்லா இருக்கு" என்றார் ஆலோசகர்.

"பிஸ்கட் போட்டது நான்தான்."

"நானும் போட்டேன்" என்றாள் மனைவி. அவளுக்கும் அன்றுதான் உறைத்தது.

அடுத்த முறை பேச்சு வேறு பக்கம் போனது. மற்ற டிரைவர்களுக்கு இப்படியெல்லாம் நினைப்பு வராது, தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்றார் அவர். கேட்டுப் பார்த்தீர்களா என்றார் ஆலோசகர். கேட்டால் காலம் பூராவும் கேலி பண்ணி ஓட்டுவார்கள் மேடம், அது டிப்போ. கேட்டால்தானே தெரியும்? இருவரும் உட்கார்ந்து என்ன கேட்பது என்று யோசித்தார்கள். ஆலோசகர் சொன்ன கேள்வி அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி நீண்டது. இதைக் கேட்டால் பாதியிலேயே டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவர் அதை வெட்டி, ஒட்டி, டிப்போ பாஷைக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் டீக்கடை பெஞ்சில், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "ஏம்ப்பா, வண்டி திடீர்னு தூக்கிப் போட்டா உங்களுக்கெல்லாம் என்ன தோணும்?"

யாரும் சிரிக்கவில்லை. "யார் மேலயோ ஏத்திட்டோமோன்னு உசுரே போயிடும்ணே" என்றான் ஒருவன். "எனக்குப் பொண்ணு பிறந்தப்புறம் அது ஜாஸ்தி" என்றான் இன்னொருவன். ரேஸ் என்று பட்டப்பேர் வாங்கின ஒருத்தன் இருந்தான், ஆம்புலன்சையே முந்துகிற ஆசாமி. அவனும் சொன்னான்: "எனக்கும் வரும். கண்ணாடியில ஒரு பார்வை பார்ப்பேன். ஒண்ணும் இல்லன்னா போயிட்டே இருப்பேன்."

"அப்புறம் மறுபடி சந்தேகம் வராது?"

"வரும். வந்தா வரட்டும்னு விட்டுடுவேன். அதுகூட உட்கார்ந்து பேசிட்டு இருந்தா வண்டியை யார் ஓட்டறது?"

பூனைக்கால் எழுந்து வண்டி கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. தனக்கு மட்டும்தான் என்று இவ்வளவு நாள் சுமந்த ஒன்று, டிப்போவில் இருக்கிற எல்லோர் தலையிலும் இருக்கிறது! அவர்கள் அதைக் கூப்பிட்டு நாற்காலி போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சந்தோஷத்தில், ரேஸுக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தார்.

அதற்கப்புறம் காரியம் மளமளவென்று நடந்தது என்று சொல்ல ஆசைதான். நடக்கவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் திரும்பிப் பார்ப்பதை முதலில் விட்டால் என்ன என்று ஆலோசகர் கேட்டபோது, முடியவே முடியாது என்று பிடிவாதம் பிடித்தார். அங்கேதான் பிள்ளைகள் நடமாட்டம், அது கடைசி. முதலில் மார்க்கெட் வளைவு. அங்கே கூட்டம் ஜாஸ்தி, ஏதாவது ஆனால் ஊரே கத்தும். "உங்க ரூட், நீங்க சொல்ற வரிசை" என்றார் ஆலோசகர். மார்க்கெட் வளைவை விட்டார். இரண்டு நாள் தூக்கம் போனது, பிறகு வந்தது. பாலத்தடியை விட்டார். மனைவி "ஒண்ணுமில்லங்க" என்று சொல்வதை நிறுத்தினாள். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு அவள் வருவதையே நிறுத்தினாள். கடைசியில் ஒருநாள் அவர் ஸ்கூட்டரைத் தொடவே இல்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறதையே அப்போதுதான் பார்க்கிறமாதிரி பார்த்தார்.

இந்தக் கட்டத்தில்தான் அவரும் ஆலோசகரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். திரும்பிப் போகாமல் இருந்த அன்றைக்கு அவர் ஆலோசகருக்கு ஒரு வரி மெசேஜ் அனுப்ப வேண்டும். ஒரு உற்சாகத்துக்காக. "இன்னைக்குப் போகல" என்று அவர் அனுப்புவார். "நல்லது" என்று பதில் வரும். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சாப்பிடுவார், தூங்குவார். ஆலோசகருக்கும் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு ஆளை எங்கே பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டார். வண்டி நேரத்துக்கு ஓடியது. மேலாளர் முகத்திலும் வெளிச்சம் தெரிந்தது.

ஒருநாள் பதில் வரவில்லை.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். சிக்னல் இருக்கிறதா என்று வாசலுக்கு வந்து பார்த்தார். இன்னொரு முறை அனுப்பினார். ஏன் நல்லது என்று சொல்லவில்லை? இன்றைக்கு நல்லதில்லையோ? மேடம் காதில் ஏதாவது விழுந்திருக்குமோ? பாலத்தடியில் வண்டி லேசாக ஆடியதே, அது என்ன? காலில் வெந்நீர் கொட்டினமாதிரி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். மார்க்கெட் வளைவு, பாலத்தடி, பள்ளிக்கூடத் தெரு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தெருவிளக்கு எரிந்த பிறகு வீட்டுக்கு வந்தவரிடமிருந்து மனைவி ஹெல்மெட்டை வாங்கி வைத்தாள். தட்டை எடுத்து வைத்தாள். அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாளே ஆலோசகர் எதிரில் போய் உட்கார்ந்தார். "ஸ்டோர் வேலைக்கே போயிடறேன் மேடம். எனக்கு இது சரிப்பட்டு வராது."

ஆலோசகரின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. முந்தின நாள் பக்கத்து அறையில் அவருக்குத்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். போன் பைக்குள் கிடந்திருக்கிறது. வாயைப் பாதி திறந்து பேசினார். "என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லுங்க."

சொன்னார். மெசேஜ் அனுப்பினது, காத்திருந்தது, பதில் வராமல் ஸ்கூட்டரை எடுத்தது. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். ஆலோசகரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

"முன்னாடி என் வீட்டுக்காரி 'ஒண்ணுமில்லங்க'ன்னா" என்றார் அவர்.

"இப்ப நான் 'நல்லது'ங்கறேன்."

"ஸ்கூட்டர்ல பின் சீட்டுல ஆளைத்தான் மாத்தியிருக்கோம் மேடம்!"

வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆலோசகர் சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது, சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது என் தப்புங்க. யோசிச்சிருக்கணும். நீங்க நல்லா ஆகறதைப் பார்த்த சந்தோஷத்துல, தினம் பிஸ்கட் போட்டிருக்கேன்."

பலகை மாட்டின அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர், தப்பு என்னுடையது என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு ஆலோசகர் இடிந்துபோய்விடவும் இல்லை. தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். தப்பு நடந்த பிறகும் ஒருவர் இப்படி உட்கார்ந்திருக்க முடியும் என்பது பூனைக்காலுக்குப் புதுசாக இருந்தது.

"ஒண்ணு கேட்கலாமா மேடம்? தப்புப் பண்ணிட்டோமேன்னு இருக்குமே. இன்னைக்கு உங்களுக்குத் தூக்கம் வருமா?"

"உறுத்தும். பல்லும் வலிக்கும். ஆனா தூங்கிடுவேன்."

அவர் தலையாட்டினார். இந்தத் தடவை வழியை அவரே சொன்னார். ரேஸ் செய்கிற மாதிரி, கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை. கண்டக்டர் பின்னால் பார்த்து மணி அடித்துவிட்டால் கிளம்ப வேண்டியது. நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால் வண்டி நிறைய ஆள் இருக்கிறது, சும்மா இருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் யாரிடமும் கேட்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. மனைவியிடம் இல்லை, கண்டக்டரிடம் இல்லை, மேடத்திடமும் இல்லை. மெசேஜ் கிடையாது.

"பயமா இருக்குமே?" என்றார் ஆலோசகர்.

"இருக்கும்."

ஆலோசகர் கொஞ்சம் தயங்கினார். "வேணும்னா ஒருநாள் நான் உங்க பஸ்ல வரட்டுமா? கூட்டத்தோட கூட்டமா உட்கார்ந்துக்கறேன்."

அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாய்வரை வந்த சரியை அவர் விழுங்கினார். "வேண்டாம் மேடம். நீங்க வந்தா, மேடம் பார்த்துப்பாங்கன்னு நான் நிம்மதியா ஓட்டுவேன். அப்புறம் நீங்க இறங்கற ஸ்டாப்புல என் நிம்மதியும் இறங்கிடும்."

ஆலோசகர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கதவுவரை வந்து வழியனுப்பினார்.

மேலாளர் சொன்ன மாதக் கடைசிக்கு முந்தின நாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒரு பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டியில் மூச்சுவிட இடமில்லை. வேகத்தடையைத் தாண்டி, இரண்டாவது கியரிலிருந்து மாற்றுகிற சமயம், இடது பக்கம் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். வண்டி ஒருமுறை அசைந்து கொடுத்தது.

"என்ன சத்தம்ணே அது?" என்று கண்டக்டர் கத்தினார்.

பூனைக்கால் வண்டியை நிறுத்தினார். பிரேக்கில் கால் வைத்தது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தார். குடை பிடித்த ஒரு பெண், சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள், தோண்டிப்போட்ட மண். ரோட்டில் ஒன்றும் இல்லை. கண்டக்டர் பின் படியில் தொங்கிக்கொண்டு இருபுறமும் பார்த்தார், மணி அடித்தார்.

இன்னொரு முறை பார் என்றது உள்ளே. இறங்கிப் போய்ப் பார், குனிந்து பார், சக்கரத்துக்கு அடியில் பார். கழுத்து தானாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பப் போனது. அதைத் திருப்பி ரோட்டில் வைப்பதற்கு, நிறைந்த பஸ்ஸைக் கையால் தள்ளுகிற பலம் வேண்டியிருந்தது. கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றார், ஏற்றினார், இறக்கினார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் பக்கத்தில் வந்தார். "கல்லுதாண்ணே அது, நான் நினைக்கறேன்..."

"சொல்லாதே."

"என்னண்ணே சொல்லாதே?"

"கல்லுன்னு சொல்லாதே. வேற எதுவும் சொல்லாதே. நல்லா இருப்பே."

கண்டக்டர் முழித்தார்.

வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லக்கூடாது என்று அவர் வைத்த விதியும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் பொறுக்க முடியவில்லை. ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை அவளே எடுத்துவிட்டாள். "ஒரே ஒரு தடவைங்க. நான் வரேன். பார்த்துட்டு வந்துடலாம். நீங்க இப்படி நடுங்கறதை என்னால பார்க்க முடியல."

அவள் கையைப் பார்த்தார். அந்த நிமிஷம் அவள் மட்டும் இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பார்.

"சாவியை மாட்டு" என்றார். "இங்க வந்து உட்காரு."

கொடியிலிருந்து எடுத்துக் குவித்த துணி கட்டில்மேல் கிடந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இருவரும் மடிக்க ஆரம்பித்தார்கள். அவர் கை நடுங்கியது. மடித்த சட்டை மடித்தமாதிரி இல்லை. அவள் அதை எடுத்துத் திரும்ப மடிக்கப்போய், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"இந்தப் பயம் எப்ப போகும்?" என்றாள்.

"தெரியல. தானா இறங்கும்னு மேடம் சொன்னாங்க. இறங்கலன்னாலும் இருக்கட்டும்."

பயம் இறங்கவில்லை, ஏறியது. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், ஒரு போர்வையை மடித்தார். தலையணை உறைகளை மடித்தார். பிறகு காலுறைகள் வந்தன. ஒன்றுக்கு ஜோடி இல்லை. வாஷிங் மெஷினில் இருக்கும் என்றாள் அவள். நான் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன் என்றார் அவர். நீங்க பார்த்த லட்சணம் தெரியாதா என்றாள். உனக்குத்தான் எதையும் ஒழுங்காக வைக்கத் தெரியாது என்றார். குரல் உயர்ந்தது. ஒற்றைக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல சண்டை பிடித்தார்கள். நடுவில் அவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என்ன?" என்றார் கோபமாக.

"இவ்வளவு நேரமா காலுறைக்குத்தான் சண்டை போட்டுட்டு இருக்கீங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கை நடுங்கவில்லை. அந்தச் சத்தம் என்னவென்று இப்போதும் தெரியாது. ஆனால் நினைத்துப் பார்த்தால்தான் ஞாபகம் வந்தது. அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். முன்பு வீட்டுக்குள் ஒளிந்து அழுத அழுகை இல்லை இது. அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தபடியே பசிக்கிறது என்றார்.

காலையில் மேலாளர் அவரை உள்ளே கூப்பிட்டார். கண்டக்டர் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மேலாளர் கதவைச் சாத்தினார். ஸ்டோர் சாவிக்கொத்து மேஜையில் தயாராக இருந்தது.

"இன்னைக்குக் கடைசி நாள். என்ன முடிவு பண்ணியிருக்கே?"

"அந்த இடத்தை வேற யாருக்காவது குடுங்க சார்."

மேலாளர் அவரை உற்றுப் பார்த்தார். எத்தனை வருஷப் பழக்கம், எந்த டயருக்கு அடியில் எந்தக் கல் என்று இவர் அலைந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். "நேத்து ஏதோ சத்தம் கேட்டுச்சாமே? என்னன்னு தெரிஞ்சுதா?"

"தெரியல சார்."

"திரும்பிப் போய்ப் பார்க்கலையா?"

"இல்ல சார்."

"பார்க்காம என்னப்பா பண்ணினே?"

பதில் சாதாரணமானதுதான். சொல்ல வாயெடுத்தபோதுதான், அது எவ்வளவு பெரிய காரியம் என்று பூனைக்காலுக்கே தெரிந்தது. சிரிப்பு வந்தது.

"தூங்கிட்டேன் சார்" என்றார்.